கல்லில் நின்றதும் ஓலையில் நடந்ததும்

ஆண்டுதோறும் ஜேஷ்ட மாத வளர்பிறைப் பஞ்சமியில் சுருத பஞ்சமி கொண்டாடப்பெறுகிறது. அன்று ஆகம நூல்களைத் தூய்மை செய்து, பட்டுத் துணியில் பொதிந்து, மலரிட்டு வணங்குவது நம் மரபு. செவிவழியாக வந்த திருவறம் ஏடேறிய நாள் அது. ஏடேறிய அந்த நிகழ்ச்சிக்கு ஒரு கடிதமே காரணமாயிற்று என்பதைப் பலரும் நினைவிற் கொள்வதில்லை.

ஒரு திருமுகமும் இரண்டு மந்திரங்களும்

சௌராட்டிர நாட்டுக் கிரிநகரில், சந்திரகுகை என்னும் குகையில் தரசேனாசாரியர் தவம் செய்துவந்தார். ஆகமத்தின் எஞ்சிய பகுதியை நெஞ்சில் தாங்கியிருந்தவர் அவர். முதுமை வந்தது, தம்மோடு அந்த அறிவும் மறைந்துவிடுமோ என்னும் கவலையும் வந்தது. அப்போது மகிமா என்னும் ஊரில் கூடியிருந்த தென்னாட்டு ஆசாரியர்களுக்கு அவர் ஒரு திருமுகம் விடுத்தார். அதன் கருத்தை உணர்ந்த ஆசாரியர்கள், ஆந்திர நாட்டு வேணை ஆற்றங்கரையிலிருந்து தகுதி வாய்ந்த முனிவர் இருவரை அனுப்பிவைத்தனர். அவர்களே புட்பதந்தரும் பூதபலியும் எனப் பின்னர்ப் பெயர் பெற்றனர்.

வந்தவர்களுக்குத் தரசேனர் உடனே பாடம் சொல்லவில்லை. இருவருக்கும் ஒவ்வொரு மந்திரம் கொடுத்து உருவேற்றச் சொன்னார். ஒன்றில் ஓர் எழுத்து மிகுந்திருந்தது. மற்றொன்றில் ஓர் எழுத்துக் குறைந்திருந்தது. உருவேற்றியபோது ஒருவர்க்குப் பல் நீண்ட தேவதையும், மற்றவர்க்கு ஒற்றைக்கண் தேவதையும் தோன்றின. தேவதையரின் இயல்பு இதுவன்று எனத் தெளிந்த இருவரும், மந்திர இலக்கணத்தைக் கொண்டு மிகுந்த எழுத்தை நீக்கினர். குறைந்த எழுத்தைச் சேர்த்தனர். மீண்டும் உருவேற்றவே தேவதையர் குறையற்ற வடிவில் காட்சி தந்தனர். அதன் பின்னரே ஆசாரியர் பாடம் தொடங்கினார்.

பாடம் முடிந்தபின் புட்பதந்தர் 177 சூத்திரங்களை இயற்றி, அவற்றை ஜினபாலிதருக்குக் கற்பித்து, திராவிட நாட்டிலிருந்த பூதபலியிடம் அனுப்பினார். பூதபலி எஞ்சியவற்றை இயற்றி நிறைவு செய்ய, அது சட்கண்டாகமம் ஆயிற்று. கிரிநகரிலிருந்து ஓர் ஓலை தெற்கே வந்தது; முனிவர் இருவர் மேற்கே சென்றனர்; சூத்திரங்களைச் சுமந்த ஒரு நெஞ்சம் திராவிட நாட்டை அடைந்தது. தவளை உரையும் சுருதாவதாரமும் கூறும் இவ்வரலாறு, எழுத்து ஓரிடம் விட்டு ஓரிடம் செல்வதற்கு வேண்டிய இரண்டையும் ஒருங்கே காட்டுகிறது. அனுப்புவதற்கு ஒருவர் வேண்டும். பிழை களைந்து ஏற்பதற்கும் ஒருவர் வேண்டும். முன்னது காலந்தோறும் எளிதாகி வந்திருக்கிறது. பின்னது இன்று என்ன நிலையில் இருக்கிறது என்பதே எண்ணிப் பார்க்கத்தக்கது.

படிப்பவர் எழுத்தை நாடிச் சென்ற காலம்

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்துக் குன்றுகள் எழுத்தின் மிகப் பழைய நிலையை இன்றும் காத்து நிற்கின்றன. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில், அதியமான் நெடுமான் அஞ்சி முனிவர்க்கு அளித்த பாழியைக் குறிக்கும் தமிழிக் கல்வெட்டு உள்ளது. நெகனூர்ப்பட்டியில் உள்ள கல்வெட்டோ, சேக்கந்தி என்பவரின் தாய் சேக்கந்தண்ணி ஒரு பள்ளியைச் செய்வித்த செய்தியைச் சொல்கிறது. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன், நம் வட்டாரத்துப் பெண்ணொருத்தி செய்த அறம் பாறையில் நின்று பேசுகிறது.

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், ஒரே பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வடிக்கப்பெற்றுள்ளன. அங்கேயே 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டும் இருக்கிறது. அதில் உள்ளவை சில சொற்களே. நோன்பின் நாட்கணக்கும் நோற்றவர் பெயருமே அங்கே போதுமானவையாயின. அதைப் படிக்க விரும்பியவர் குன்றின் மேல் ஏறித்தான் ஆகவேண்டும். எழுத்து அசையவில்லை, படிப்பவரே அதனை நாடிச் சென்றார். நிலைத்து நிற்கவேண்டிய செய்தியைக் கல்லிடம் ஒப்படைத்தார்கள் முன்னோர்.

செப்பேடு இதற்கு அடுத்த நிலை. காஞ்சியை அடுத்த பருத்திக்குன்றத்து வச்சிரநந்தி முனிவர்க்குப் பல்லவ மன்னன் சிம்மவர்மன் அளித்த கொடையைக் கூறும் செப்பேடு, தொலைவிலுள்ள சோழநாட்டுப் பள்ளன்கோவிலில் கிடைத்தது. கல்லைப் போல் நெடுங்காலம் நிற்கும் எழுத்து, கையில் எடுத்துச் செல்லத்தக்கதாகவும் ஆயிற்று. ஆயினும் மன்னர் கொடைக்கே செம்பு கிடைத்தது. மக்களின் எழுத்துக்குப் பனையே துணை நின்றது.

ஓலையின் பயணம்

ஓலை நடந்த விதத்தை அறியச் சிலப்பதிகாரத்தை விடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. மாதவி கோவலனுக்கு இருமுறை எழுதுகிறாள். முதல் மடலைத் தாழையின் வெண்மடலில், செம்பஞ்சுக் குழம்பு தோய்த்த பித்திகை அரும்பைக் கொண்டு எழுதி, வசந்தமாலை கையில் கொடுத்து விடுத்தாள். கோவலன் அதை வாங்க மறுத்தான். இரண்டாவது முடங்கலைக் கோசிகன் என்னும் அந்தணன் எடுத்துக்கொண்டு, காட்டுவழி நெடுகத் தேடி அலைந்து, கவுந்தியடிகளுடனும் கண்ணகியுடனும் மதுரை நோக்கிச் சென்றுகொண்டிருந்த கோவலனைக் கண்டு சேர்ப்பித்தான். முடங்கலின் மண் இலச்சினையில் மாதவியின் கூந்தல் பதிந்திருந்தது. அதன் நெய்மணமே எழுதியவர் யாரென அவனுக்கு அறிவித்தது.

அந்த மடலைப் படித்த கோவலன், குற்றம் தன்னுடையதே என்று தெளிந்தான். அதன் பின் அவன் செய்த செயல் வியக்கத்தக்கது. அம்மடலின் சொற்கள் தன் பெற்றோர்க்குத் தான் எழுதவேண்டிய மடலுக்கும் பொருந்துவதைக் கண்டு, அதையே அவர்களிடம் சேர்க்குமாறு கோசிகனிடம் கொடுத்தான். வந்த மடலை இன்னொருவர்க்கு அனுப்பும் வழக்கம் கைப்பேசியோடு பிறந்ததன்று. ஆனால் கோவலன் அதை முழுதும் படித்தான், பொருளை உணர்ந்தான், பொருந்துமா என எண்ணினான், அதன் பின்னரே அனுப்பினான்.

மடல் நடந்ததுபோல் நூலும் நடந்தது. ஆனால் நூல் நடப்பதற்குப் படியெடுக்க வேண்டும். நம் தட்பவெப்பத்தில், பூச்சிக்கும் ஈரத்துக்கும் தப்பினாலும் ஓலை இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. ஆகவே ஒவ்வொரு நூலும் சில தலைமுறைக்கு ஒருமுறை மீண்டும் எழுதப்பட்டாக வேண்டும். இதை உணர்ந்தே உணவு, மருந்து, அபயம் ஆகியவற்றோடு சாத்திர தானத்தையும் நான்கு தானங்களுள் ஒன்றாக வைத்தனர் சான்றோர். 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கன்னட நாட்டு அத்திமப்பை, பொன்னரின் சாந்திபுராணத்தை 1,000 படிகள் எழுதுவித்து வழங்கினார். அச்சு இல்லாக் காலத்தில் ஓர் அம்மையார் தம் பொருளைக் கொண்டு ஒரு நூலை ஆயிரம் திசைக்கு அனுப்பினார்.

படியெடுப்பதில் பிழை நேரும் வாய்ப்பும் மிகுதி. புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்பதால் ஏடெழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. எகர ஒகரங்களுக்குப் புள்ளி உண்டு என்று பவணந்தி முனிவர் நன்னூலில் விதித்திருந்தும், எழுத்தாணி அதைப் பின்பற்ற இயலவில்லை. ஆகவே ஏட்டைப் படிக்கக் கற்பது, விடுபட்ட எழுத்தைக் கருத்தால் நிரப்பக் கற்பதாகவே இருந்தது. தரசேனர் வைத்த தேர்வை ஏடு படித்த ஒவ்வொருவரும் நாள்தோறும் எழுதினர் எனலாம்.

நின்ற ஏடும் நடந்த ஏடும்

நூல்களின் வாழ்வும் சாவும் இந்தப் பயணத்தையே பொறுத்திருந்தன. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான வளையாபதி சமணக் காப்பியம். அதன் ஏட்டைத் திருவாவடுதுறை மடத்தில் தாம் இளமையில் கண்டதாகவும், பின்னர்த் தேடியபோது அது கிடைக்கவில்லை என்றும் உ.வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். இன்று நமக்கு எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 70 பாடல்களே. அவையும் புறத்திரட்டைத் தொகுத்தவரும் உரையாசிரியரும் தம் நூல்களில் எடுத்துக் காட்டியதனால் பிழைத்தவை. வேறு ஏடுகளுக்குச் சென்றவை வாழ்ந்தன. சென்று சேராதவை மறைந்தன.

சட்கண்டாகமத்தின் தவளை உரைக்கும் இந்த நிலை நேரவிருந்தது. நெடுங்காலம் அதன் ஏடுகள் மூடபித்திரியில் மட்டுமே பாதுகாக்கப்பெற்று, அடியார்கள் கண்டு வணங்கும் பொருளாக இருந்தன. 1896இல் படியெடுக்கும் பணி தொடங்கிப் பல ஆண்டுகள் நீடித்தது. 1939இல் முதல் தொகுதி ஹீராலால் ஜைன் பதிப்பாக அச்சேறியது. அதன் பின்னரே அது கற்கும் நூலாயிற்று. காப்பதற்காகப் பூட்டி வைத்தவர்களைக் குறை கூறலாகாது. அவர்கள் இல்லையேல் படியெடுக்க ஏடே இருந்திராது. ஆனால் பூட்டு மட்டும் போதுமானதாக இல்லை.

சீவக சிந்தாமணியின் வரலாறு இவ்வட்டாரத்துக்கு நேரே உரியது. 1868இல் போவர் பாதிரியார் நாமகள் இலம்பகத்தை மட்டும் அச்சிட்டார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்ற சாமிநாதையர், சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சிந்தாமணியைக் கற்கத் தொடங்கினார். நூலில் வரும் சமணக் கருத்துகள் விளங்கவில்லை. அவ்வூர்ச் சமணர் வாழ்ந்த தெருவுக்குச் சென்றார். சந்திரநாத செட்டியாரின் வீட்டில் மாக்கோலமும் தோரணமும் கண்டு காரணம் வினவியபோது, பல திங்களாக நடந்துவந்த சிந்தாமணிப் பாராயணம் அன்று நிறைவுறுவதாகக் கூறினர். உலகம் மறந்துவிட்டதாக அவர் எண்ணியிருந்த காப்பியம், ஒரு வீட்டில் விழாவோடு படிக்கப்பட்டு வந்தது.

அங்கே அவர் கண்ட அறிஞருள் ஒருவர் வீடூர் அப்பாசாமி நயினார். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, சங்கராபரணி ஆற்றை ஒட்டிய அதே வீடூர். நம் சிற்றூர் ஒன்றின் நூற்புலமை காவிரிக்கரைக்குச் சென்று, ஒரு சைவப் பெருந்தமிழறிஞரின் ஐயங்களைப் போக்க உதவியது. 1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு முழுமையாக அச்சேறியது. ஏடு வைத்திருந்தோர் இருந்தனர். ஆனால் அந்த ஏட்டுக்குப் பொருள் சொல்லத்தக்க கேள்வியறிவு சமண இல்லங்களில் உயிரோடு இருந்ததாலேயே அப்பதிப்பு சிறந்தது.

அஞ்சலும் அச்சும்

சிந்தாமணி அச்சேறிய காலத்துக்குள் மடல் செல்லும் முறையே மாறியிருந்தது. முன்னெல்லாம் மடலை அறிந்தவர் ஒருவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். உறவினர் வருகையோ, தல யாத்திரையோ, திருமணமோ வாய்க்கும்வரை செய்தி காத்திருக்கும். 1854இல் இந்தியா முழுமைக்கும் பொதுவான அஞ்சல் தலைகள் வந்தன. தொலைவு எதுவாயினும் குறைந்த எடையுள்ள மடலுக்கு அரையணாவே கட்டணம் என்றாயிற்று. 1879இல் காலணா அஞ்சலட்டை வந்தது. ஏழை உழவரும் மகள் வாழும் ஊருக்கு எழுதும் நிலை பிறந்தது.

அதே காலத்தில் இருப்புப்பாதையும் வந்தது. 1870களில் சென்னையிலிருந்து தெற்கே சென்ற பாதை திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் தொட்டது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளை பிரிந்தது. சென்னை, திருச்சி, கடலூர், காட்பாடி, புதுச்சேரி என ஐந்து வழிகள் கூடும் சந்திப்பாக விழுப்புரம் வளர்ந்தது. அஞ்சற்பை இரவில் ஏறி, விடியலில் வேற்று மாவட்டத்தில் இறங்கியது. ஓட்டக்காரர் பல நாள் நடந்து கடந்த தொலைவு ஓர் இரவுப் பயணமாகச் சுருங்கியது.

அஞ்சல் காலத்திலும் பெறுவதற்கென ஒரு முறைமை இருந்தது. மங்கலச் செய்தி தாங்கிய மடலின் மூலைகளில் மஞ்சள் இருக்கும். இழவுச் செய்தி தாங்கியது கருங்கரையோடு வரும். படித்த கையோடு அதைக் கிழித்துவிடுவர். எழுத்தறிந்த ஒருவர் திண்ணையில் அமர்ந்து உரக்கப் படிக்க, வீடே கூடி நின்று கேட்கும். பதில் எழுதிய பின்னும் மடல் கம்பியில் கோத்து வைக்கப்பெறும். ஒருவர் பெயருக்கு வந்த எழுத்தைப் பலர் ஏற்றனர்.

அச்சும் அஞ்சலும் இணைந்தபோது நம் சமய நூல்கள் புதிய வாழ்வு பெற்றன. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார், வாமன முனிவரின் மேருமந்தர புராணத்தை 1923இலும், சமயதிவாகர உரையுடன் நீலகேசியை 1936இலும் வெளியிட்டார். மலையில் இருந்த கல்வெட்டும் தாளில் இறங்கியது. கல்வெட்டுத் துறையினர் ஈரத்தாளைப் பாறையில் ஒற்றி, மை தட்டி எடுத்த மைப்படிகள் அச்சாகி வெளிவந்ததால், திருநாதர்குன்றின் மேல் ஏறாதவரும் சந்திரநந்தி ஆசிரியரின் நோன்பை அறிந்தனர்.

எடையற்ற எழுத்து

இன்றைய எழுத்துக்கு எடை இல்லை. ஓலையும் தாளும் வேண்டா. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை உலகத் தமிழர் அனைவர்க்கும் கட்டணமின்றி மின்னெழுத்தில் வழங்கியது. 2003இல் நடுவண் அரசு தேசியச் சுவடி இயக்கத்தைத் தொடங்கியது. 2013 ஜூலையில் தந்தி நின்றது. அதற்காக வருந்தியவர்கள் கூட மறுநாள் கைப்பேசியில்தான் செய்தி அனுப்பினர். மேல்சித்தாமூர்த் தேர்த்திருவிழாவின் படம், தேர் நிலைக்கு வருமுன்பே அயல்நாட்டில் உள்ள பேரனின் கையில் இருக்கிறது. அத்திமப்பை பெரும்பொருள் செலவிட்டுச் செய்த ஆயிரம் படிகளை இன்று ஒரு சிறுவன் ஒரு விரலால் செய்துவிடுவான்.

இது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் எழுத்து எவ்வளவு விரைவாகச் செல்கிறதோ, அவ்வளவு எளிதாகத் தன் ஊரையும் பெயரையும் இழக்கிறது. ஏடெழுதியவர் இறுதியில் தம் பெயரும் ஊரும் ஆண்டும் குறித்து, பிழை பொறுக்குமாறு வேண்டி முடிப்பார். இன்று வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வரும் ஆகமக் கருத்துக்கும் தல வரலாற்றுக்கும் எழுதியவர் பெயர் இல்லை. எடுத்த நூல் எது என்ற குறிப்பும் இல்லை. எழுத்து மிகுந்த மந்திரமும் குறைந்த மந்திரமும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. பல் நீண்ட தேவதை தோன்றினாலும், அதையே அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுகிறோம்.

செய்யத்தக்கது

வீடூர், பெருமண்டூர், விழுக்கம், ஆலகிராமம், வளத்தி, அகலூர், தாயனூர் போன்ற ஊர்களின் பழைய வீடுகளில், பரண் மேலும் பெட்டியிலும் ஏட்டுக்கட்டுகள் இருத்தல் கூடும். வீடு இடிக்கப்படும்போதும், குடும்பம் சென்னைக்குக் குடிபெயரும்போதும் அவை கேட்பாரற்றுப் போகின்றன. முன்னொரு காலத்தில் பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்கள், அதைப் புண்ணியமாகக் கருதியே செய்தனர். இன்று அறியாமையால் விட்டோம் என்று கூற நமக்கு இயலாது.

ஏடு இருக்கும் இல்லத்தார் அதைத் தாமே பிரித்துக் கயிற்றை அறுக்க வேண்டா. பயிற்சி உள்ளவர் துணையோடு ஒவ்வோர் இதழின் இருபுறமும் வரிசை மாறாமல் படமெடுக்கலாம். எந்த ஊர், எந்தக் குடும்பம், எவர் எழுதியது என்ற குறிப்பை அதனோடு இணைக்கலாம். ஒரு படியை மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடத்திலும், மற்றொன்றைச் சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம், டாக்டர் உ.வே.சா. நூலகம் போன்ற ஒரு பொது நூலகத்திலும் சேர்க்கலாம். மூல ஏட்டை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். படி வெளியே சென்றிருந்தால், மூலம் அழிந்தாலும் நூல் அழியாது என்பதற்கு வளையாபதியின் எஞ்சிய பாடல்களே சான்று.

படமெடுப்பதோடு பணி முடிவதில்லை. கிரந்தமும் பழந்தமிழும் கலந்த மணிப்பிரவாள ஏட்டைப் படிக்க வல்லோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். ஸ்ரீபுராணத்தைப் பிழையின்றிப் படிக்கும் முதியவர் ஒருவர் மறையும்போது, நூறு படங்கள் இருந்தும் பயனில்லாமற் போகும். ஊருக்கு இருவர், அதுவும் இளைஞர் இருவர், கோடை விடுமுறையில் கிரந்த எழுத்தைக் கற்கத் தொடங்கினால் போதும். தரசேனர் கேட்டதும் இருவரைத்தான்.

வரும் சுருத பஞ்சமியில் நூல்களைத் துடைத்து அடுக்கும்போது, பரண் மேலிருக்கும் கட்டையும் கீழே இறக்குவோம். அதில் உள்ளது என்ன நூல் என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம். கிரிநகரிலிருந்து புறப்பட்ட ஓலை தென்னாட்டை வந்தடைந்தபோது, அதை வாங்கிப் படித்துப் பொருள் உணர்ந்தவர்கள் இங்கே இருந்தார்கள். அவர்கள் வழியில் வந்தவர்கள் நாம்.